‘இதயம் மாறினால் போதும், சட்டம் எதற்கு?’ என்கிறார் எங்கள் சபை மூப்பர். பிரஸ் ஷாப்பில் நிற்கிற நான் என்ன செய்ய?

ஒரகடம்_தம்பி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் சேஃப்டி பிரிவில் இரண்டு வருடமாக இருக்கிறேன். பெயர் வேண்டாம். பெரிய கம்பெனிக்குச் சப்ளை செய்கிற கம்பெனிக்குச் சப்ளை செய்கிற கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டவும் வளைக்கவும் 18 பவர் பிரஸ் இருக்கிறது. கை உள்ளே இருக்கும்போது பிரஸ் இறங்கிவிடாமல் இருக்க முன்னால் லைட் கர்ட்டன் என்று ஒரு சென்சார் உண்டு. குறுக்கே கை போனால் மிஷின் நின்றுவிடும். மிஷின் நின்றால் ஷிஃப்ட் டார்கெட் போய்விடும். அதனால் நைட் ஷிஃப்டில் சென்சாரை பைபாஸ் செய்துவிடுகிறார்கள், அதாவது அது தடுக்காதபடி செய்துவிட்டு மிஷினை ஓட்டுகிறார்கள். ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஒடிசா, பீகார் பையன்கள், எல்லாரும் கான்ட்ராக்ட். காலையில் என் மேசைக்கு வருகிற செக்லிஸ்டில் ‘சென்சார் வேலை செய்கிறது’ என்ற கட்டத்தில் நான் டிக் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும்.

போன மாதம் ஒரு பையனுக்கு இரண்டு விரல் போய்விட்டது. அன்றைய செக்லிஸ்டிலும் என் டிக் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை வேதபாட வகுப்பில் இதைச் சொன்னேன். கம்பெனிகளுக்கு இன்னும் கடுமையான சட்டமும் அடிக்கடி சோதனையும் வேண்டும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். எங்கள் மூப்பர் தானும் தொழில் நடத்துகிறவர், நல்ல மனிதர், தன்னிடம் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுகிறவர். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, நியாயப்பிரமாணம் நீதிமானுக்கு விதிக்கப்படவில்லை என்று 1 தீமோத்தேயு 1:9-ல் இருக்கிறது. முதலாளி மனந்திரும்பினால் சென்சார் தானாக வேலை செய்யும். அநியாயமாய் வரி வசூலித்த சகேயுவுக்கு இயேசு சட்டம் போட்டாரா? வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார், ஆள் மாறிவிட்டான். அரசாங்கத்தைக் கூப்பிடுகிறது விசுவாசக் குறைச்சல்.”

எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் பழக்கதோஷத்தில் ஆமென் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் தூக்கம் வரவில்லை.

கம்பெனிகளைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்துவதற்கு வேதத்தில் ஆதாரம் இருக்கிறதா? இல்லை, என் அரசியலைத்தான் நான் வேதத்துக்குள் தேடிக்கொண்டிருக்கிறேனா? அப்புறம், நாளைக் காலை அந்த டிக்கை என்ன செய்ய?

ஜெபவீரன்77 எழுதியது:

1 பேதுரு 2:18 வாசியுங்கள் பிரதர், வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது. முதலாளிக்காக உபவாசம் இருந்து ஜெபியுங்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

நெல்லை_ரிட்டயர்டு எழுதியது:

தம்பி, நான் தொழிற்சாலை ஆய்வாளராக 30 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் என்றால் உங்களுக்குப் புரியும். சி.எஸ்.ஐ. சபை. கடைசியாகக் கேட்டீர்களே, அந்த டிக். அதற்கு என் கதையிலிருந்துதான் பதில் சொல்ல முடியும். அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முதலில் சகேயு. மூப்பர் ஐயா பாதிக் கதையில் எழுந்துவிட்டார். மனந்திரும்பிய சகேயு என்ன சொன்னான்? அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். அந்த ‘நாலு’ எங்கிருந்து வந்தது? யாத்திராகமம் 22-ஐத் திறந்து பாருங்கள். திருடின ஆட்டுக்கு நாலு ஆடு என்று முதல் வசனத்திலேயே இருக்கிறது. இதயம் மாறியவனுக்கும் எவ்வளவு திருப்பிக் கொடுப்பது என்று தெரிய ஒரு சட்டம் தேவைப்பட்டது. இதயம் ‘கொஞ்சம் கொடுத்தால் போதும்’ என்றுதான் சொல்லும். என் இதயம் அப்படித்தான் சொல்லும்.

அடுத்தது தீமோத்தேயு. நியாயப்பிரமாணம் நீதிமானுக்கு இல்லை, சரி. கம்பெனி நீதிமானா? கம்பெனிக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியுமா? திருவிருந்துப் பந்திக்கு வந்து முழங்காலிடுமா? சட்டப்படி அது ஓர் ‘ஆள்’. நிலம் வாங்கும், வழக்குப் போடும், சாகாமல் இருக்கும். மனச்சாட்சி மட்டும் கிடையாது. அதற்குள் இருக்கிற மனிதர்களுக்கு மனச்சாட்சி உண்டு என்பீர்கள். உண்டுதான். உங்கள் கம்பெனியையே பாருங்களேன். ஆபரேட்டருக்குத் தெரியும், சூப்பர்வைசருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், மேலே இருக்கிறவருக்கும் தெரிந்திருக்கும். இத்தனை மனச்சாட்சி இருந்தும் அந்த விரல் போயிற்று. ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டால் பாவம் யார் கையிலும் கனக்காது. அது ஒன்றுதான் கம்பெனியின் பெரிய வசதி.

இப்போது இரண்டு வசனம். ஒன்று உபாகமம் 22:8. புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும், யாராவது விழுந்து அந்த இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வராதபடிக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ம் பிரிவை, அதாவது ஓடுகிற மிஷினுக்கு வேலி போடவேண்டும் என்கிற பிரிவை, மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில் அப்பா இந்த அதிகாரத்தை வாசித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டும் ஒரே சட்டம். மோசே வீட்டுக்காரனைப் பார்த்து ‘நீ நல்லவனா’ என்று கேட்கவில்லை. ‘நீ கவனமாக இருப்பாயா’ என்றும் கேட்கவில்லை. சுவரைக் கட்டு, அவ்வளவுதான். நல்லவன் வீட்டு மாடியிலிருந்து விழுந்தாலும் கால் ஒடியத்தான் செய்யும்.

இரண்டாவது, மாட்டுச் சட்டம். யாத்திராகமம் 21:28-29. ஒருவனுடைய மாடு முட்டி ஆள் செத்தால் மாட்டைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும், எஜமான் குற்றமற்றவன். ஆனால் அது முன்னாலேயே முட்டுகிற மாடாக இருந்து, அதை எஜமானுக்கு அறிவித்தும் அவன் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், எஜமானும் குற்றவாளி. சண்டே ஸ்கூலில் யாரும் இந்த வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லமாட்டார்கள். ஆனால் போபாலைப் பற்றிப் படித்த எவனும் இதைத் தாண்டிப் போக முடியாது.

நான் வேலைக்கு வந்தபோது போபால் நடந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பயிற்சியில் எங்களுக்கு வேறு பேச்சே கிடையாது. 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு, யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையின் ஒரு தொட்டியில் சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் என்ற விஷ ரசாயனம் இருந்தது. அதில் தண்ணீர் போய், கொதித்து, வாயுவாகக் கிளம்பியது. அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய குளிரூட்டும் அமைப்பை மாதக்கணக்கில் நிறுத்திவைத்திருந்தார்கள். வாயுவைக் கழுவ வேண்டிய ஸ்க்ரப்பர் தயாராக இல்லை. மிச்சத்தை எரிக்க வேண்டிய ஃப்ளேர் டவரின் குழாய் கழற்றிக் கிடந்தது. உங்கள் லைட் கர்ட்டனைப் போலத்தான் தம்பி, எல்லாம் இருந்தது, எதுவும் வேலை செய்யவில்லை. ஆலை நஷ்டத்தில் ஓடியது, செலவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள்.

மாடு முன்னமே முட்டியிருந்தது. 1981 டிசம்பரில் அதே ஆலையில் பாஸ்ஜீன் என்ற விஷவாயு கசிந்து ஒரு தொழிலாளி செத்தார். 1982-ல் ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகைக்காரர், இந்த ஊர் எரிமலை மேல் உட்கார்ந்திருக்கிறது என்று தன் சின்னப் பத்திரிகையில் திரும்பத் திரும்ப எழுதினார். ‘அறிவிக்கப்பட்டும் கட்டிவைக்கவில்லை’ என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? மத்தியப் பிரதேச அரசு உறுதிசெய்த சாவுக் கணக்கே 3,787. உண்மைக் கணக்கு அதைவிடப் பல மடங்கு என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். 2010-ல்தான் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்குத் தண்டனை வந்தது, இரண்டு வருடம். கம்பெனியின் அமெரிக்கத் தலைவர் வாரன் ஆண்டர்சன் இங்கே விசாரணைக்கு நிற்காமலே 2014-ல் காலமானார்.

இதில் எனக்கு உறைத்தது வேறு ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் குடிசையில் இருந்தவர்களுக்கு அந்த வாயுவின் பெயரே தெரியாது. ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்றுகூட யாரும் சொல்லிவைத்ததில்லை. 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான பொருளை வைத்திருப்பவன் அது என்ன, என்ன செய்யும், கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தொழிலாளிக்கும் சுற்றி இருக்கிற ஜனங்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்று அப்போதுதான் எழுத்தில் வந்தது. அதுவரைக்கும் அது கம்பெனியின் ரகசியம். ஆயிரக்கணக்கான பிணங்கள் விழுந்தபிறகு கட்டிய கைப்பிடிச்சுவர் அது.

‘ஜனநாயகம் எதற்கு, முதலாளிகளே நல்ல விதி போட்டுக்கொள்ளட்டுமே’ என்று அடுத்த வாரம் மூப்பர் கேட்பார். கம்பெனியில் எத்தனை பங்கோ அத்தனை ஓட்டு. அந்த ஒடிசாப் பையனுக்கு எத்தனை பங்கு? போபால் குடிசைக்காரிக்கு எத்தனை பங்கு? ஆபத்து அவர்களுக்கு, ஓட்டு வேறு யாருக்கோ. கம்பெனித் தலைவருக்கும் அவளுக்கும் சரிக்குச் சரி ஆளுக்கொரு ஓட்டு இருக்கிற ஒரே இடம் வாக்குச்சாவடி. ‘எல்லாரும் பாவஞ்செய்து’ என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் சொல்கிறோம். ஃபேக்டரி கேட்டுக்குள் நுழைந்ததும் அந்த வசனத்தைச் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

சரி, என் கதை.

90-களில் தெற்கே பருத்தியிலிருந்து பஞ்சு பிரிக்கிற ஒரு ஜின்னிங் மில்லுக்கு ஆய்வுக்குப் போனேன். பெல்ட்டும் புல்லியும் வேலி இல்லாமல் திறந்து கிடந்தன. முதலாளி எங்கள் சபைச் சேகரத்துக் கமிட்டியில் இருந்தவர். காபி வந்தது. “அண்ணாச்சி, அடுத்த வாரம் போட்டுருதேன், எழுதிராதீங்க, லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம்” என்றார். பணம் எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நான் கோபப்பட்டு எழுதியிருப்பேன். சபைக்காரர், மரியாதையான மனிதர், சொன்னால் செய்வார் என்று நம்பினேன். வாயால் எச்சரித்துவிட்டு எழுந்து வந்தேன். மூன்று மாதம் கழித்து அந்த பெல்ட்டில் ஒரு பையனின் வலது கை போயிற்று. முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை.

வழக்கு வந்தது. “இதற்கு முன் எச்சரிக்கப்பட்டதா?” என்று கேட்டார்கள். எச்சரித்தது எனக்கும் அவருக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும். காகிதத்தில் ஒன்றும் இல்லை. மாட்டுக்காரன் தப்பித்துவிட்டான். அவரை நான் குறை சொல்லவில்லை தம்பி. ‘அறிவிக்கப்பட்டும்’ என்கிற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. அதைத்தான் நான் செய்யவில்லை.

அதனால் நாளைக் காலை டிக் போடாதீர்கள். கட்டத்தைக் காலியாகவும் விடாதீர்கள். எந்த பிரஸ், எந்த ஷிஃப்ட், சென்சார் பைபாஸ் என்று எழுதுங்கள். தேதி போடுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

ஐயா எழுதினது மனசைத் தொட்டதுங்க. ஆனாலும் இந்தப் பக்கத்துக் கதையையும் ஒருத்தர் சொல்லணும். திருப்பூரில் எங்கள் குடும்பத்துக்குச் சாயப்பட்டறை, ஜாப் ஒர்க். பெந்தெகொஸ்தே சபை. இன்ஸ்பெக்டர் என்ற வார்த்தையைக் கேட்டாலே என் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் ஏறும். தீபாவளிக்கு ஒரு கவர், கிறிஸ்துமஸுக்கு ஒரு கவர். எங்களுக்குக் கிறிஸ்துமஸ் என்று அவர்களுக்குத் தெரியும், இருந்தாலும் தீபாவளியையும் விடமாட்டார்கள். பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார், ஆடிட்டர் இருக்கிறார். 15 பேரை வைத்து ஓட்டுகிறவனுக்குத்தான் எல்லா விதியும் கழுத்தில் விழுகிறது. இதையும் கணக்கில் எடுங்க.

இப்போது தம்பியின் மூப்பருக்கும் நானே எதிர்க்கட்சி ஆகிறேன்.

எங்கள் அப்பா மனந்திரும்பினவர். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. நொய்யலில் சாயத்தண்ணி கலர் கலராக ஓடினதும், ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணி தேங்கிக் கீழே விவசாயிகளின் கிணறு உப்பாகிப்போனதும் அவருக்குப் பொறுக்கவில்லை. விதி வருவதற்கு முன்னால், கடன் வாங்கி, சாயத்தண்ணியைச் சுத்திகரிக்கச் சொந்தமாக ஆர்.ஓ. போட்டார். கிலோவுக்கு எங்கள் ரேட் ஏறியது. பார்ட்டி வந்து பார்த்தார், அப்பாவைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினார், அடுத்த தெருப் பட்டறைக்குத் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒன்றரை வருடம் தாக்குப்பிடித்தோம். அப்புறம் ஆர்.ஓ.வை நிறுத்திவிட்டு எல்லாரையும் போல நாங்களும் ஆற்றில் விட்டோம். அப்பா அதற்குப்பின் சபையில் சாட்சி சொல்ல எழுந்ததே இல்லை.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். ஊரே இழவு வீடு மாதிரி ஆனது. நாங்களும் திட்டினோம், அழுதோம். ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது, ஜீரோ டிஸ்சார்ஜ், அப்படியானால்தான் திறக்கலாம் என்றார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்.ஓ., எவாப்பரேட்டர் எல்லாம் வந்தபின் திறந்தோம். ரேட் ஏறியது. ஆனால் எல்லாருக்கும் ஏறியது! அப்பா தனியாகச் செய்து தோற்றதை விதி வந்தபின் ஊரே செய்தது. நல்லவனாக இருக்கிறதுக்கு அபராதம் கட்ட வேண்டியதில்லை என்று ஆனது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். விதி பிடிக்காமல் வேறு ஊருக்குப் போய்க் காவிரியில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ராத்திரி பைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஐயாவிடம் ஒரு கேள்வி. லஞ்சம் வாங்குகிற அரசாங்கத்தைவிட, துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்புகிற ஆடிட் பரவாயில்லையே? எங்கள் ஊரில் பனியன் கம்பெனிக்காரர்கள் அதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

பொறையாறு_டீச்சர் எழுதியது:

நான் தரங்கம்பாடி பக்கம், லுத்தரன் சபை, வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள். ‘சுவிசேஷத்துக்கும் கம்பெனிச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்’ என்று கேட்பவர்களுக்கு எங்கள் கடற்கரையில் ஒரு பதில் நிற்கிறது.

1706-ல் மிஷனரி சீகன்பால்க் ஐயர் வந்து இறங்கியபோது தரங்கம்பாடியை ஆண்டது டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி. வியாபாரியும் அவர்களே, கவர்னரும் அவர்களே, நீதிபதியும் அவர்களே. ஒரு நாவிதரின் விதவை, கடன் விவகாரத்தில், கம்பெனியின் மொழிபெயர்ப்பாளரோடு வழக்காட வேண்டியிருந்தது. அவளுக்காக ஐயர் பரிந்து பேசினார். கமாண்டர் ஹாசியஸுக்குக் கோபம் வந்து 1708-ல் அவரைக் கோட்டையில் அடைத்துப்போட்டார். நாலு மாதம். மேல்முறையீடு செய்ய அந்த ஊரில் கம்பெனியைத் தவிர வேறு யார் இருந்தார்கள்? தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்துக் கொடுத்த மனிதர், ஒரு கம்பெனிக்காரனை எதிர்த்து ஒரு ஏழை விதவை பக்கம் நின்றதற்காகச் சிறையிருந்தார். கன்வென்ஷனில் இந்தப் பகுதியை யாரும் சொல்வதில்லை.

ஆங்கிலக் கம்பெனி இன்னும் ஒரு படி மேல். மிஷனரி வந்தால் ஜனங்கள் கலங்குவார்கள், வியாபாரம் கெடும் என்று அவர்களுக்குப் பயம். அதனால்தான் மிஷனரி வில்லியம் கேரி 1800-ல் வங்காளத்தில் டேனிஷ்காரர்களின் செராம்பூருக்குப் போய் ஒதுங்கினார். அந்தக் கதவை எது திறந்தது? கம்பெனி டைரக்டர்களின் மனந்திரும்புதலா? 1813-ல் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, பார்லிமெண்ட் உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸின் கூட்டத்தார் ஊர் ஊராய் மனு எழுதச் சொன்னார்கள். பார்லிமெண்டுக்கு நூற்றுக்கணக்கான மனுக்கள் வந்து குவிந்தன. சட்டத்தில் நிபந்தனை ஏறியது, கதவு திறந்தது. ஆங்கிலக் கம்பெனி ஆண்ட இடத்துக்குள் மிஷனரிகள் சட்டப்படி வர வழி பிறந்ததே ஒரு கம்பெனி ஒழுங்குமுறைச் சட்டத்தால்தான். மூப்பர் ஐயாவிடம் இதைப் பணிவாகச் சொல்லுங்கள் தம்பி.

இன்னொன்று. அதே கம்பெனிக்குப் பார்லிமெண்ட் முதன்முதலில் கடிவாளம் போட்டது 1773-ல். 1770 வங்காளப் பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக்கொத்தாய்ச் செத்தபோது போடவில்லை. கம்பெனி கடனில் மூழ்கி வந்து நின்று, அதற்கு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தபோது போட்டார்கள். எனக்கு இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

வேதத்தில் கேட்டீர்கள். நெகேமியா 5-ம் அதிகாரம் வாசித்துப் பாருங்கள். ஜனங்களும் அவர்களுடைய ஸ்திரீகளும் கூக்குரலிட்டார்கள் என்று ஆரம்பிக்கும். வயலை அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமையாக்கினோம் என்று. நெகேமியா பணக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு ஜெபித்து அனுப்பியிருக்கலாம். செய்யவில்லை. பெரிய சபையைக் கூட்டினார், எல்லார் முன்னாலும் கேட்டார். அவர்கள் ‘திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்’ என்று ஒத்துக்கொண்டார்கள். அப்போதாவது விட்டாரா? ஆசாரியர்களைக் கூப்பிட்டு ஆணையிடச் செய்தார்! அந்த மனிதருக்கு மனித சுபாவம் தெரிந்திருக்கிறது. எங்கள் மகளிர் குழுவில் வாராவாரம் மைக்ரோ ஃபைனான்ஸ்காரன் வாசலில் வந்து உட்காரும்போது எனக்கு அந்த ஸ்திரீகள்தான் ஞாபகம் வருவார்கள்.

நெல்லை_ரிட்டயர்டு எழுதியது:

டீச்சர் அம்மா, சீகன்பால்க் சிறைக்குப் போனது தெரியும், எதற்கு என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. நன்றி.

நொய்யல்கரை சார், கவர் விஷயத்தில் மறுக்க ஒன்றும் இல்லை. என் துறையிலும் பார்த்திருக்கிறேன். என் பக்கத்து மேசையிலேயே பார்த்திருக்கிறேன். போதகரில் கெட்டவர் இருந்தால் சபையை மூடுவதில்லை, சேகரக் கணக்கைத் தணிக்கை செய்கிறோம். அதையே இங்கும் செய்ய வேண்டும் என்பதற்குமேல் எனக்குப் பதில் இல்லை. சின்னவன் கழுத்தில் விழுகிறது என்பதும் உண்மை. ஆனால் அதற்கு மருந்து என்று சொல்லிப் புதிதாகச் செய்திருப்பதைப் பாருங்கள். 2020-ல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில், மின்சாரத்தோடு ஓடும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்ததை 20 ஆக்கிவிட்டார்கள். உங்கள் 15 பேர் பட்டறை அதன்படி தொழிற்சாலையே இல்லை. உங்களுக்குக் கவர் மிச்சம். அந்த 15 பேருக்கு?

ஆடிட் பற்றிக் கேட்டீர்கள். 2012 செப்டம்பர் 11, கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற துணி ஆலை எரிந்து 250 பேருக்கு மேல் செத்தார்கள். ஜன்னலில் கம்பி, வெளியேற வழி இல்லை. அதற்குச் சில வாரம் முன்னால்தான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ. 8000 என்ற, தொழிலாளர் நிலைமைக்கான சர்வதேசச் சான்றிதழ் கிடைத்திருந்தது. ஆடிட்டருக்குக் காசு கொடுப்பவன் யார் என்று பாருங்கள், பாதி விடை அங்கே இருக்கிறது. கவர் வாங்குகிற இன்ஸ்பெக்டரை நீங்கள் விஜிலென்ஸில் மாட்டிவிடலாம். சட்டமன்றத்தில் கேள்வி கேட்க வைக்கலாம். லண்டனில் இருக்கிற ஆடிட் கம்பெனியை உங்கள் எம்.எல்.ஏ. என்ன கேட்பார்?

ஜனநாயகம் தப்பாகவும் போகும். 2023 ஏப்ரல் 21-ம் தேதி நம் சட்டமன்றத்திலேயே, வேலை நேரத்தை 12 மணி வரை நீட்ட வழிசெய்யும் திருத்தம் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் சத்தம் போட்டன, ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மே 1-ம் தேதி முதலமைச்சர் திரும்பப் பெற்றார். சிங்காரவேலர் சென்னையில் மே தினக் கொடி ஏற்றி அன்றைக்குச் சரியாக 100 வருடம். பத்து நாள்! டீச்சர் அம்மா சொன்ன கூக்குரல் அதுதான். ஒரு கம்பெனி போர்டு எடுத்த முடிவை வெளியில் நிற்கிறவர்கள் பத்து நாளில் மாற்றினதாக என் 30 வருடத்தில் நான் பார்த்ததில்லை.

மூப்பர் ஐயாவுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவரைப் போலவே நினைத்த நல்ல கிறிஸ்தவர்கள் முன்னாலும் இருந்திருக்கிறார்கள். எங்கள் வேலை பிறந்ததே 1833-ல் பிரிட்டனில். அந்த தேசம் முழுவதுக்கும் நாலே நாலு ஆய்வாளர்கள். பிள்ளைகளை மில்லில் இத்தனை மணிக்குமேல் வேலை வாங்கக்கூடாது என்று பார்லிமெண்டில் வருடக்கணக்கில் மல்லுக்கட்டினவர் ஆஷ்லி பிரபு, பிற்பாடு ஷாஃப்ட்ஸ்பரி, நம்மைப் போல சுவிசேஷப் பற்றுள்ளவர். அவரை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் ஜான் பிரைட், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், மில் முதலாளி. கெட்டவர் இல்லை, யுத்தத்தை எதிர்த்தவர், அடிமைத்தனத்தை எதிர்த்தவர். இருவர் கையிலும் ஒரே வேதம். பெரியவர்களின் வேலை நேரத்தில் அரசாங்கம் தலையிடக்கூடாது என்பதில் மட்டும் பிரைட் அசையவில்லை. ஆஷ்லிக்கு மில் இல்லை, பிரைட்டுக்கு மில் இருந்தது. எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரகடம்_தம்பி எழுதியது:

ஐயா, அக்கா, அண்ணா, எல்லாருக்கும் நன்றி. நாலு நாளாக எழுத முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை செக்லிஸ்ட் வந்தது. ‘பிரஸ் 7, 11, 12, நைட் ஷிஃப்ட், லைட் கர்ட்டன் பைபாஸ்’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். கை நடுங்கியது, எழுத்து கோணலாக வந்தது. பத்து மணிக்குப் பிளான்ட் ஹெட் கூப்பிட்டார். கத்தவில்லை. “இதைக் கிழித்துவிட்டு வேறு தாளில் போடு, நான் இந்த வாரமே சரிசெய்கிறேன்” என்று அன்பாகச் சொன்னார். டீ வரவழைத்தார். டீயைப் பார்த்ததும் எனக்கு ஐயாவின் காபி ஞாபகம் வந்தது. கிழிக்கவில்லை. “சரி செய்ததும் சரி செய்தாயிற்று என்று அடுத்த வரியில் எழுதுகிறேன் சார்” என்றேன். அதற்கப்புறம் அவர் ஒன்றும் பேசவில்லை.

11-ம் 12-ம் புதன்கிழமை இரவு சென்சாரோடு ஓடின. 7 இன்னும் இல்லை. வேறு பிரிவுக்கு மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு இருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மூப்பரிடம் மாட்டு வசனத்தைக் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தார். “இது மாட்டுக்குத்தானே தம்பி” என்றார். பிறகு, “எங்கள் ஷெட்டில் ஒரு கட்டிங் மிஷின் இருக்கிறது, ஒரு நாள் வந்து பாரேன்” என்றார்.

ஐயா, ஒரு சந்தேகம். அந்தத் தாளை ஃபைலில் இருந்தே எடுத்துவிட்டால்?

நெல்லை_ரிட்டயர்டு எழுதியது:

எடுப்பார்கள். எழுதின அன்றைக்கே அதை மேலதிகாரிகளுக்கு அலுவலக மெயிலிலும் அனுப்பிவிடுங்கள், தாளை எடுத்தாலும் தேதியும் நேரமும் அங்கே நிற்கும். மூப்பர் ஷெட்டுக்குப் போகும்போது டேப்பும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். பிளேடுக்கும் வேலிக்கும் நடுவில் எத்தனை மில்லி மீட்டர் இடைவெளி என்று அளந்து எழுதுங்கள். எழுதி முடித்தபின் காபி குடியுங்கள்.